ஐம்பத்திரண்டு பச்சை விளக்குகள்

சங்கத்து உறுப்பினர்கள் ஐம்பத்திரண்டு பேரும் நெற்றியில் விளக்கு வைத்த கவனப் பட்டையைக் கட்டி முடிக்கவே கால் மணி நேரம் ஆகிவிட்டது. சிலருக்கு மண்டை பெரிது. சிலருக்குத் தலைச்சாயம் ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலை. சந்தனப் பொட்டு அழியாமல் இதை எப்படிக் கட்டுவது என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் யோசனை கேட்டார். பிறகு ஆளுக்கு ஆள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் எஸ்தர் டீச்சர். அவருடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் தினமும் காலை ஒன்பதரை மணிக்கு இதே பட்டையை இரண்டே நிமிடத்தில் கட்டி முடித்துவிடுவார்கள். அவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

கோவில்பட்டியில் கரிசல் நகர் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டம் அது. சனிக்கிழமை மதியம் கூட்டம், முடிந்ததும் சாப்பாடு. கீழ்த்தளத்திலிருந்து பிரியாணி வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘நவீனக் கல்வி’ என்று பெரிதாகவும், ‘சிறப்புரை: திருமதி எஸ்தர் ஜெயசீலி, கணித ஆசிரியை’ என்று கொஞ்சம் சின்னதாகவும் போட்டிருந்தார்கள். அவற்றைவிடப் பெரிதாகச் சங்கத் தலைவர் தனுஷ்கோடியின் படம் இருந்தது.

தனுஷ்கோடிதான் எஸ்தர் டீச்சர் வேலை பார்க்கும் பள்ளிக்கும் தாளாளர். உறுப்பினர்களுக்குப் பட்டை கட்டிவிடும் யோசனையும் அவருடையதுதான். சாமானை நேரில் பார்த்தால்தான் நம் ஆட்களுக்கு நம்பிக்கை வரும் என்று சொல்லியிருந்தார். தாலுகாவில் இன்னும் பதினோரு பள்ளிகளுக்குச் சங்கத்தின் சார்பில் பட்டை கொடுப்பது என்ற தீர்மானத்தை அன்றைக்கு நிறைவேற்ற வேண்டும்.

இதில் எஸ்தருக்கும் பங்கு உண்டு, சிறிய பங்கும் அல்ல. இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மேடையில் நின்று, எங்கள் பள்ளிக்குக் கவனப் பட்டை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டவரே அவர்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினால் எவள் கேட்கிறாள், எவன் தூங்குகிறான் என்று தெரியவில்லை. பட்டை கட்டினால் கேட்கிற பிள்ளைக்கு நெற்றியில் பச்சை விளக்கு எரியும், கேட்காத பிள்ளைக்கு மஞ்சள். டீச்சர் கையிலிருக்கும் பலகைக் கணினி ஒருமுறை அதிர்ந்து பெயரைக் காட்டும். டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான், மூன்று நொடியில் விளக்கு பச்சையாகிவிடும். அரையாண்டுத் தேர்விலேயே தேர்ச்சி கூடியது. வெளியூர்ப் பள்ளிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்தப் பெருமையை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

காரணம் இசக்கியம்மாள். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலோர இரண்டாவது பெஞ்சு. தகப்பன் இல்லை. தாய் பேச்சியம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் மடிக்கிறவள். மூன்று பருவம் தொடர்ந்து கவனம் ஐம்பது சதத்துக்குக் கீழே இருந்தால் பிள்ளையைத் தொழில் பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று சென்ற வருடம் விதி வந்திருந்தது. தொழில் பிரிவு என்றால் காலையில் இரண்டு மணி நேரம் பள்ளி, பிறகு சாயங்காலம் வரை ஊரிலுள்ள கம்பெனிகளில் ‘பயிற்சி’. அல்ஜிப்ரா கிடையாது, பொதுத்தேர்வு கிடையாது. பட்டியல் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. அதில் இசக்கியின் பெயர் இருந்தது. அதற்கு நேரே வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையே தாளாளர் அறைக்குப் போய் எஸ்தர் அதைப் பற்றிப் பேசிப் பார்த்தார். தனுஷ்கோடி கோபப்படவில்லை. மோர் கொண்டுவரச் சொல்லி, உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு மூளை இல்லைன்னு யாரும் சொல்லலையே டீச்சர். கவனம் இல்லைங்கிறோம். மூணு பருவமும் முப்பத்தெட்டைத் தாண்டலை.”

“அது யோசிக்குதுய்யா,” என்றார் எஸ்தர். “நான் மாட்டியிருக்க மைக்ல என் குரல் போகுது. அந்தக் குரலோட பிள்ளை மூளையும் சேர்ந்து நடந்து வருதான்னுதான் பட்டை பாக்குது. அவ என்னை விட்டுட்டு வேற பக்கம் போய் யோசிச்சா மஞ்சள் காட்டிருது. தூங்குற பிள்ளைக்கும் மஞ்சள், யோசிக்கிற பிள்ளைக்கும் மஞ்சள்.”

“யோசிக்கிறதை வீட்ல போய் யோசிக்கட்டும். பள்ளிக்கூடத்துல சொல்றதைக் கேக்கட்டும்.”

அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் நியாயமாகப்படுகிற ஒன்றைத்தான் சொன்னார். பிறகு தனுஷ்கோடியே குரலைத் தாழ்த்தி, சனிக்கிழமை சங்கத்தில் டீச்சர் நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட்டால் தீர்மானம் சுலபமாக நிறைவேறிவிடும் என்றும், அது முடிந்தபின் ஒரு பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது பெரிய காரியமில்லை என்றும் சொன்னார். மோர் குடித்துவிட்டு வந்த எஸ்தர் அன்றைக்கே உட்கார்ந்து ஆறு பக்கத்துக்குப் பேச்சு எழுதினார். பதினோரு பள்ளிகள் ஒரு பக்கம், ஒரு பிள்ளை ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. தெரிந்த பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

மணி அடித்துக் கூட்டம் தொடங்கியது. சங்கச் செயலாளர் கோமதிநாயகம் டீச்சரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். அவர் ஒரு மருந்துக்கடை முதலாளி. எதையும் முன்கூட்டியே எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறவர். வரவேற்புரை மேல் பையில் இருந்தது, நன்றியுரை உள்பையில். தலைவர் எழுந்து பொன்னாடை போர்த்தினார், பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். பட்டை நிறுவனம் கொடுத்திருந்த சின்ன மைக்கைச் சேலைத் தோளில் குத்திக்கொண்டு எஸ்தர் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். வகுப்பில் தினமும் குத்துகிற அதே மைக்தான். அதில் பதிவாகும் குரல் நிறுவனத்துக்கே சொந்தம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதையெல்லாம் யார் படித்துப் பார்க்கிறார்கள்.

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே,” என்று ஆரம்பித்து முதல் பக்கத்தை வாசித்தார். நவீனக் கல்வியின் தேவை, மாறிவரும் உலகம், அறிவியல் தந்த கொடை. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கூடம் முழுக்க மஞ்சள். ஒருவர் போனில் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பிரியாணியா குஸ்காவா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கடலைமிட்டாய்க் கம்பெனி அய்யாத்துரை கண்ணை மூடி, நெற்றியில் மஞ்சள் விளக்கோடு நிம்மதியாக இருந்தார். தனுஷ்கோடியின் விளக்கே மஞ்சளாகத்தான் எரிந்தது.

எஸ்தருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. ஐம்பத்திரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு பக்கம் கேட்கப் பொறுக்கவில்லை. இவர்களை யார் எந்தப் பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள். கையிலிருந்த தாள்களை மடித்து மேஜையில் வைத்தார்.

“எங்கிட்ட இசக்கின்னு ஒரு பிள்ளை படிக்குது,” என்றார்.

ஏழாம் வகுப்பில், பட்டை வருவதற்கு முன்னால், முக்கோணப் பாடம் நடத்திய அன்று அந்தப் பிள்ளை பீரியட் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். மூன்று கோணத்தையும் கூட்டினால் நூற்று எண்பது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவள் தம்பியின் ரப்பர் பந்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பந்தின் மேல் பால்பாயின்ட் பேனாவால் ஒரு முக்கோணம் வரைந்திருந்தாள். “டீச்சர், இதுல மூணு மூலையும் செங்கோணம். கூட்டுனா இருநூத்தி எழுவது வருது. பூமியும் உருண்டைதான? அப்ப எது சரி?” என்று கேட்டாள். இருபத்தெட்டு வருடம் கணக்கு நடத்திய எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதைக் கல்லூரியில்தான் சொல்லித் தருவார்கள். இந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்த்தே அங்கே போய்விட்டு வந்திருக்கிறது.

அய்யாத்துரை கண்ணைத் திறந்தார். அவருடைய விளக்கு பச்சையானது.

“அப்புறம் பட்டை வந்துது. நான்தான் கேட்டு வாங்குனேன். அவ ஜன்னல் பக்கம் திரும்புன உடனே என் கையில இருக்க கணினி அதிரும். நான் உடனே கூப்பிடுவேன்.” எஸ்தர் தன்னை அறியாமல் வகுப்பறைக் குரலுக்குப் போய்விட்டார். “இசக்கி. இங்க பாரு. இசக்கி.”

கூடத்தில் பேச்சு நின்றது. போன் பார்த்தவர் நிமிர்ந்தார். ஒவ்வொரு வரிசையாகப் பச்சை பரவியது.

“இந்த ரெண்டு வருஷத்துல அவளை நான் ஆயிரத்து நூறு தடவை கூப்பிட்டிருக்கேன். அறிக்கையில கணக்கு இருக்கு. ஒரு கேள்வி பாதியில இருக்கும்போது கூப்பிட்டிருக்கேன். முடியப்போற நேரத்துல கூப்பிட்டிருக்கேன். போன வருஷம் முழுக்க அவ எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கலை. ஒண்ணுகூட கேக்கலை. நான் அதை நல்லா நடக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

அதற்குமேல் அவர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் இப்போது பாடத்தைக் கேட்பதில்லை, பச்சையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள் என்றார். என் குரலின் பின்னாலேயே மனசு ஓட வேண்டும், ஒரு அடி முன்னே போனாலும் குற்றம், பக்கத்தில் போனாலும் குற்றம் என்றார். இப்படி வளர்கிற பிள்ளை நாளைக்கு யார் மைக் பிடித்தாலும் பின்னால் போகும் என்றார். கடைசியில், திங்கட்கிழமை பட்டியலில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், பதினோரு பள்ளிப் பிள்ளைகளின் நெற்றியிலும் இதைக் கட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

எதிரேயும் மேடையிலுமாக ஐம்பத்திரண்டு பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்லை. அய்யாத்துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எஸ்தருக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் சந்தோஷம். கேட்டுவிட்டார்கள், விஷயம் மனசில் இறங்கிவிட்டது என்று நம்பினார். பச்சை விளக்கைப் பார்த்து நம்புவதற்கு இரண்டு வருடப் பழக்கம் அவருக்கும் இருந்தது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கோமதிநாயகம் எழுந்து உள்பையிலிருந்து நன்றியுரையை எடுத்துப் பிரித்தார். “கவனப் பட்டையின் பயன்களை எளிய தமிழில், அழகான எடுத்துக்காட்டுகளுடன் விளக்கி, நமது திட்டத்துக்கு வாழ்த்துத் தெரிவித்த எஸ்தர் ஜெயசீலி அம்மையார் அவர்களுக்கு,” என்று அவர் வாசிக்க வாசிக்க எஸ்தர் கூடத்தைப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள், ஒருவராவது எழுந்து ஆட்சேபிப்பார் என்று காத்திருந்தார். எல்லாரும் வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் கை தட்டினார்கள். கோமதிநாயகத்தைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சங்கத்தில் நன்றியுரை எப்போதும் முதல்நாளே எழுதப்படுவதுதான். பேச்சாளர் என்ன பேசினாலும் அது மாறாது.

அடுத்துத் தனுஷ்கோடி தன் கையிலிருந்த பலகைக் கணினியை உயர்த்திக் காட்டினார். அவர் முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை, பூரிப்பாக இருந்தார்.

“பேச்சோட பிற்பாதியில கவனம் தொண்ணூத்தி நாலு சதம். பெரியவங்களுக்கே இப்படின்னா பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்னு பாருங்க. டீச்சர் பேச்சு சரியில்லாத இடத்துல மஞ்சள் காட்டுச்சு, நல்லா இருந்த இடத்துல பச்சை காட்டுச்சு. சாமான் பொய் சொல்லலை. இதைவிட என்ன சான்று வேணும்?”

தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். கண்ணைத் துடைத்த அய்யாத்துரையும் தூக்கினார்.

எஸ்தர் தலைவர் பக்கம் குனிந்து, “அய்யா, நான் கட்டாதீங்கன்னுதானே சொன்னேன்?” என்று கேட்டார்.

“கேட்டோமே டீச்சர்,” என்றார் தனுஷ்கோடி. “எல்லாரும் கேட்டாங்க. நீங்களே பாத்தீங்களே.”

சாப்பாட்டுக் கூடத்தில் எஸ்தர் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். சோறு இறங்கவில்லை. அய்யாத்துரை தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வருடங்களில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. பொய்யாகச் சொல்லவில்லை என்று எஸ்தருக்குத் தெரிந்தது, ஒரு நொடி மறுபடி நம்பிக்கை வந்தது.

“அந்தப் பிள்ளை பேச்சியம்மா மகதான? பயிற்சிக்கு என் கம்பெனிக்கே அனுப்பிருங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். “இன்னொண்ணு. நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டீகளே, அந்த இடம் அப்படியே மனசுல நின்னுட்டு. என் கம்பெனில நூத்தி இருபது பொம்பளப் பிள்ளைக. பாகு காயுற நேரத்துல எங்கயாவது பராக்கு பாத்துட்டு நிக்கும், பாகு முறிஞ்சு போகும். இந்தப் பட்டையை அங்கயும் கட்டிட்டா என்னன்னு இப்பத்தான் தோணுச்சு. நீங்க சொல்லித்தான் தோணுச்சு.”

எஸ்தர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பட்டியல் போயிற்று. அவர் கையெழுத்துக்கான கட்டத்தில் ‘பட்டை அறிக்கையின்படி’ என்று அச்சிட்டிருந்தார்கள். தனுஷ்கோடி அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பட்டியலிலிருந்து பெயர் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கத்தின் மாத இதழில் எஸ்தர் டீச்சரின் படம் வந்தது. கீழே நன்றியுரை அப்படியே வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் ஜன்னலோர இரண்டாவது பெஞ்சில் ஒரு இடம் காலியாகிவிட்டது. வகுப்பின் சராசரி கவனம் ஒரு சதம் கூடியது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் எஸ்தர் கம்பெனி வாசலில் போய் நின்றார். என்ன பேசப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற ஒரு எண்ணம், தன் கைப்பையிலிருந்த ஒரு புதுப் பந்து, இவ்வளவுதான் இருந்தது. சங்கு ஊதியதும் பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். எல்லார் நெற்றியிலும் பட்டை அழுத்திய தடம். இசக்கி அவரைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கையெல்லாம் வெல்லப் பாகு வாசனை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறேன் என்றாள். முதல்நாள் பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது என்றாள்.

“முதல்ல பட்டை இங்க வேலை செய்யலை டீச்சர். அதுக்கு ஒரு குரல் வேணுமாம்ல. இங்கதான் யாரும் பாடம் எடுக்கலையே. அப்புறம் பட்டைக் கம்பெனிக்காரங்க வந்து ஒரு குரலைப் போட்டாக. மேல ஸ்பீக்கர்ல நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கும். கையைக் கவனி, பாகைப் பாருன்னு. மஞ்சள் எரிஞ்சா பேர் சொல்லிக் கூப்பிடும்.” அவள் சிரித்தாள். “உங்க குரல்தான் டீச்சர். எல்லாப் பிள்ளைக பேரும் உங்க குரல்லயே வருது. மத்த பிள்ளைக பயப்படுதாக. எனக்குத்தான் தெரிஞ்ச குரலாச்சே.”

அந்த ஊரில் எஸ்தரின் குரல் எங்கெல்லாமோ போய்விட்டது, மேடையில் அவர் கேட்டுக்கொண்டது மட்டும் யார் மனசுக்கும் போகவில்லை. பேச வாயெடுக்கவே அருவருப்பாக இருந்தது. கைப்பையைத் திறந்து பந்தை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

இசக்கி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள், இன்னொன்று இழுத்தாள். மூன்றாவது கோட்டில் அவள் பார்வை மெல்ல விலகி, ரோட்டைத் தாண்டி எங்கேயோ போனது. எஸ்தர் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் பட்டை இல்லை, கூப்பிட யாரும் இல்லை. ஆனாலும் பிள்ளை சட்டென்று திடுக்கிட்டு, நேராக டீச்சர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“நான் கூப்பிடலையே இசக்கி,” என்றார் எஸ்தர்.

“தெரியும் டீச்சர்,” என்றாள் அவள். “ஆனா யோசிக்க ஆரம்பிச்சாலே நீங்க கூப்பிடுதது கேக்குது.”

பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடினாள்.